கதாநாயகனைப் பிடித்துக் கொடுத்தோம்

மகள் மாக்ரெட் ரொறொன்ரோவிலிருந்து ஞாயிறு தோறும் தொலைபேசி எடுப்பாள். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிறு, வழக்கமான சுகவிசாரிப்புகளை விட்டுவிட்டு ஒரு படத்தைப் பற்றியே கதைத்தாள். கறுப்பினத்தவர் ஒருவர் அதிசய சக்திகள் கொண்ட வீரனாக வரும் ஆங்கிலப் படமாம். ஊரெல்லாம் அதே பேச்சாம். அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் ஒருத்தி தன் தம்பியோடு இவளையும் கூட்டிப் போயிருக்கிறாள். படம் முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்று கைதட்டினாளாம். முகமெல்லாம் கண்ணீராம். தம்பி கதிரையில் சாய்ந்தபடி சிரித்தானாம். வெளியே போனதும் என் காரை மறிக்கப்போகிற பொலிஸ்காரனுக்கு இந்தப் படத்தால் என்ன மாறிவிட்டது, காசு போனது நமக்கு, சேர்ந்தது கொம்பனிக்கு என்றானாம். வீடு போய்ச் சேரும்வரை அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டையாம்.

"அம்மா, நீங்கள் தியேட்டரில வேலை செய்தனீங்கள்தானே. ஆர் சொல்றது சரி?" என்று கேட்டாள்.

அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்தான். அது அவளுடைய அப்பாவைப் பற்றியது. தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடியதும் அல்ல.

மாக்ரெட்டின் அப்பா நிக்கலஸ் தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம், கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த அன்று அந்த வழியாகப் போய்த் திரும்பி வராதவர். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நான் எழுதுவது அதற்கு முந்திய வருடம் நடந்தது. அப்போது நிக்கலஸ் கொட்டாஞ்சேனைத் தியேட்டருக்கும் வெள்ளவத்தைத் தியேட்டருக்கும் இடையில் ரீல் கொண்டுபோகிற வேலை செய்தார். நான் வெள்ளவத்தையில் ரிக்கெற் கொடுத்தேன்.

ரீல் கொண்டுபோகிற வேலை என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. சண்டைக் காலத்தில் இந்தியாவிலிருந்து வரும் படத்துக்கு ஒரேயொரு பிரதிதான் வாங்குவார்கள். அதை இரண்டு தியேட்டரிலும் ஒரே நாளில் ஓட்டுவார்கள். கொட்டாஞ்சேனையில் இரண்டரைக்குத் தொடங்கினால் வெள்ளவத்தையில் மூன்றரைக்கு. அங்கே ஓடி முடிந்த ரீலைத் தகரப் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, துறைமுகப் பக்கத்தால் வந்து, காலிமுகத்திடலைத் தாண்டி, காலி வீதியால் நேரே இங்கே வரவேண்டும். இங்கே ஓடிக்கொண்டிருக்கும் ரீல் முடிவதற்குள் அடுத்த பெட்டி மாடிப்படி ஏறவேண்டும். இடையில் எத்தனை சோதனைச் சாவடி என்பது அன்றன்றைய நிலைமையைப் பொறுத்தது. ஒவ்வொன்றிலும் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, அடையாள அட்டையைக் காட்டி, பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். நிக்கலஸ் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. காவலில் நிற்பவர்களை மல்லி, அய்யே என்று தம்பி, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுப் பகிடி விட்டுக்கொண்டே கடந்துவிடுவார்.

அந்த வருடம் வந்த படத்தின் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. கதை இதுதான்: கல்லுடைக்கிற ஒருவன்மேல் இடி விழுகிறது. அவன் சாகவில்லை. அவனுக்குப் பெரும் பலம் வந்துவிடுகிறது. ஓடுகிற பஸ்ஸை ஒற்றைக் கையால் நிறுத்துவான். கறுப்புக் கம்பளி ஒன்றைத் தோளில் கட்டிக்கொண்டு மாடிக்கு மாடி பாய்வான். அவனுடைய சேரியைக் கொளுத்திய பண்ணையாரையும் பண்ணையாருக்குத் துணைபோன பொலிஸ்காரரையும் அடித்து நொறுக்குவான். படம் அப்படி ஓடியதற்குக் காரணம் கதையல்ல என்றுதான் நினைக்கிறேன். நடித்தவன் நல்ல கறுப்பு. அவனுக்குப் பவுடர் அப்பி வெள்ளையாக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். "எங்கட நிறத்தில ஒருத்தன்" என்று ஆட்கள் சொல்லிச் சொல்லி வந்து பார்த்தார்கள். ஒரே ஆள் நாலைந்து தரம் என்னிடம் ரிக்கெற் வாங்கினான்.

முன்வரிசைக் கலரியில் இருப்பது பெரும்பாலும் லொட்ஜ் பெடியங்கள். வடக்கிலிருந்து வந்து, வெளிநாடு போக ஏஜென்ற் கூப்பிடும்வரை வெள்ளவத்தை லொட்ஜ்களில் அடைந்து கிடப்பவர்கள். வாரத்தில் இரண்டு தரமாவது சுற்றிவளைப்பு நடக்கும். அறைக்கதவைத் தட்டி, பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டு, பிடித்துக்கொண்டு போய், சிலரை மறுநாள் விடுவார்கள், சிலரை விடமாட்டார்கள். அந்தப் பெடியங்கள்தான் கதாநாயகன் பொலிஸ் ஜீப்பைத் தூக்கி எறியும்போது கூரைத் தகடு பறக்க விசிலடித்தார்கள். படம் முடிந்ததும் காலி வீதியில் இறங்கி, காவல் நிற்கும் இடம் வந்தவுடன் சேட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வரிசையில் நடந்து போனார்கள். நான் ரிக்கெற் கூண்டின் ஓட்டையால் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அன்றைய ஞாயிறு அரங்கு நிரம்பியிருந்தது. இடைவேளை விட்டது. தேத்தண்ணியும் றோல்ஸும் விற்று முடிந்தன. மணி அடிக்கவில்லை. இடைவேளைக்குப் பிந்திய ரீல் இன்னும் வந்து சேரவில்லை. மனேஜர் பேர்னாட் வாசலுக்கும் மாடிக்கும் ஏறி இறங்கினார். நல்ல மனுஷன், ஆனால் இரத்த அழுத்தக்காரர்.

"இமெல்டா, உன்ர மனுஷன் எங்க? உள்ளுக்குக் கதிரையைத் தட்டத் தொடங்கிட்டாங்கள். கொஞ்சத்தில உடைப்பாங்கள்."

"வருவார் சேர். ஞாயிற்றுக்கிழமை, சாவடியில சனம் கூட இருக்கும்."

மேலே ஒப்பரேற்றர் வேலுசாமி தானாக ஒரு வேலை பார்த்தார். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர், முப்பது வருடமாக அந்த மெஷினோடு கிடப்பவர். கூட்டத்தின் சத்தம் தாங்காமல், இடைவேளைக்கு முன்னர் ஓடிய மீன்சந்தைச் சண்டை ரீலைத் திரும்பவும் மாட்டி ஓட்டிவிட்டார். பத்து நிமிடத்துக்கு முன்னர் அடிவாங்கிய அதே ரவுடிகள் திரும்பவும் எழுந்து வந்து அதே அடியை வாங்கினார்கள். ஒருவரும் கத்தவில்லை, காசைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை. முதல் தரம் அடித்ததைப்போலவே இரண்டாம் தரமும் விசிலடித்தார்கள். கூண்டுக்குள் இருந்த எனக்கு அது கேட்டது. அந்த நேரத்தில்தான் ஹுசைனின் ஓட்டோ வாசலில் வந்து நின்றது.

ஹுசைன் மாளிகாவத்தை ஆள். காலி வீதியில் ஓட்டோ ஓட்டுபவர். நிக்கலஸோடு நல்ல பழக்கம், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, கடைய மூடிட்டு வாங்க. நிக்கலஸ் நானாவ புடிச்சிட்டாங்க."

"எங்க? ஏன்?"

"கடைசிச் சாவடியில. என்ட கண்ணுக்கு முன்னுக்குத்தான் நடந்த. புதுசா ஒரு பொடியன் நிக்கிறான், பொட்டிய தொறக்கச் சொன்னான். தொறந்தா வட்டமா கறுப்பா சுத்திக் கெடக்கு. குண்டு எண்டு பயந்து பின்னுக்குப் பாஞ்சிட்டான். இவரு சிரிச்சிட்டாரு."

"சிரிச்சவரோ?"

"அதோட விட்டாப் பரவாயில்ல. 'மல்லி, இது படம்டா, இஞ்ச பாரு, எவ்வளவு நல்ல படம்' எண்டு ரீல இழுத்து வெயிலுக்குப் பிடிச்சுக் காட்டினாரு. அவன் பார்த்தான். காக்கி உடுப்புப் போட்ட ஆக்கள் எல்லாம் நெலத்தில விழுந்து கெடக்குறாங்க. நடுவுல ஒருத்தன் கைய ஓங்கிக்கொண்டு நிக்கிறான். அவ்வளவுதான். 'பொலிஸ அடிக்கிற படம், புலிப் படம்' எண்டு விசில் ஊதிட்டான்."

எனக்கு அந்தக் காட்சி அப்படியே தெரிந்தது. நிக்கலஸுக்கு அந்த ரீல்மேல் அப்படியொரு பெருமை. படத்திலேயே சிறந்த சண்டை அதுதான் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவர். அந்தச் சுருளின் நுனியில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்திருந்தால் பெட்டியை மூடிக் கையில் பிடித்திருப்பார்.

ஹுசைனின் ஓட்டோவில் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். அங்கே வேலை செய்த நல்லவர்களும் இருந்தார்கள். பொறுப்பதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க இன்ஸ்பெக்டர். மேசையில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. சுருள் பாதி அவிழ்ந்து தரையில் கிடந்தது. நிக்கலஸ் உள்ளறையில் நீட்டு மரவாங்கில் இருந்தார். ஒரு காது சிவந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழும்பப் போனார், கூட நின்றவர் தோளில் கை வைத்து இருத்தினார்.

நாங்கள் பேசியது முழுக்கச் சிங்களத்தில். அவர் என்னை நோனா, அம்மணி, என்று கூப்பிட்டார். நான் சொன்னேன்: இது தணிக்கைக் குழு பார்த்து அனுமதித்த படம். சுவரொட்டி காலி வீதி முழுக்க ஒட்டியிருக்கிறது.

"தணிக்கைக் குழு எங்கேயோ இருக்கிறது, நோனா. இங்கே இருப்பது நான். ஞாயிற்றுக்கிழமை யாரைப் போய்க் கேட்பேன்? சாயங்காலம் ஆறரைக்கு மேலிடத்து வாகனம் வரும். உன் புருஷனையும் பெட்டியையும் அவர்களிடம் கொடுத்துவிடுவேன். அவர்கள் விசாரித்துக்கொள்ளட்டும்."

மேலிடத்து வாகனத்தில் ஏறியவர்கள் எப்போது திரும்பினார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று வெள்ளவத்தையில் எல்லோருக்கும் தெரியும். அழுதால் வேலை நடக்காது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. எண்பத்து மூன்று இனக் கலவரத்தில் என் அண்ணனைத் தேடி நிலையம் நிலையமாக அழுதுகொண்டு திரிந்தவள் நான். அழுகிறவளை வாசல் வாங்கில் இருத்திவிட்டு மறந்துவிடுவார்கள்.

"சேர், படம் இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிஷப் பயணம். வந்து பாருங்கள். பார்த்த பிறகு புலிப் படம் என்றால் என்னையும் சேர்த்து அந்த வாகனத்தில் ஏற்றுங்கள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தமிழர் நிறைந்த இருட்டு மண்டபத்துக்குள் என்னை வந்து உட்காரச் சொல்கிறாய்."

"சனம் படம் பார்க்க வந்தது, சேர்."

அவர் யோசித்தார். பிறகு சொன்னார்: "பத்துப் பேர். அந்த மண்டபத்திலிருந்து பத்துப் பேர் அடையாள அட்டையோடு இங்கே வந்து உட்காரட்டும். நான் உள்ளே இருந்து பத்திரமாக வெளியே வரும்வரை அவர்கள் இங்கே இருப்பார்கள். சம்மதமா?"

சம்மதம் என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

தியேட்டருக்குத் திரும்பி வந்தபோது வேலுசாமி மீன்சந்தைச் சண்டையை மூன்றாம் தரம் ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே ஏறிப்போய் விளக்கைப் போடச் சொன்னேன்.

"நடுவுல நிப்பாட்டினா அடிப்பாங்கம்மா" என்றார் வேலுசாமி.

"அடிச்சா நான் வாங்கிறன். போடுங்கோ."

திரைக்கு முன்னால் போய் நின்றேன். விளக்கு எரிந்ததும் ஊளைச் சத்தம். "ரீல் எங்கயக்கா?" "ரிக்கெற்காரி டான்ஸ் ஆடப்போறா!" "காசைத் தாங்கோ!" என்று நாலாபக்கமும் கத்தினார்கள். நான் மேடைப் பேச்சுப் பழகியவள் அல்ல. நடந்ததை நடந்தபடி சொன்னேன். உங்களுக்கு ரீல் கொண்டுவந்தவரைப் பிடித்துவிட்டார்கள், ஆறரைக்கு வாகனம் வருகிறது, பத்துப் பேர் போய் நிலையத்தில் இருந்தால் இன்ஸ்பெக்டர் இங்கே வந்து படத்தைப் பார்ப்பார், பார்த்தால் விடுவார் என்று சொன்னேன்.

சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். பல்கனியில் இருந்த ஒரு குடும்பம் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு பக்கக் கதவால் வெளியே போனது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நிலையத்துக்குத் தானாக நடந்துபோவது என்றால் அந்த நாளில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அப்போது கலரியில் ஒருவன் எழுந்தான். கொன்ஸ்ரன்ரைன் என்று பெயர். மன்னார்ப் பெடியன், இருபத்திரண்டு வயது இருக்கும். இந்தப் படத்துக்கு ஏழெட்டுத் தரம் வந்தவன். கதாநாயகனைப்போல மேல்பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டுத் திரிபவன்.

"நான் வாறன் அக்கா. என்ன செய்து போடுவாங்கள்? பாப்பம்!"

பின்னால் இரண்டு மூன்று விசில் கேட்டது. அவன் கதிரைகளுக்கு மேலால் பாய்ந்து முன்னுக்கு வந்தான்.

"உம்மட அட்டை எங்கத்தையது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மன்னார்."

"பதிவு?"

"போன மாதத்தோட முடிஞ்சுது."

"அப்ப நீர் வரவேண்டாம். நீர் வந்தால் அவரை விட்டுட்டு உம்மை ஏத்துவாங்கள்."

"அப்ப எனக்கு மட்டும் பயம் எண்டு சொல்லுறீங்களோ? இவ்வளவு பேருக்கும் முன்னால..."

"தம்பி, உமக்குப் பயம் இல்லை எண்டு எனக்குத் தெரியும். எனக்கு இப்ப வேணும் எண்டது கொழும்பு அட்டை."

அவன் முகம் சுருங்கிப்போனது. பிறகு திரும்பி, கைகளை உயர்த்தி, மண்டபம் முழுக்கக் கேட்கிறமாதிரிக் கத்தினான்: "கொழும்பு அட்டை இருக்கிறவை எழும்புங்கோ! எங்கள மாதிரி ஆக்கள் இருங்கோ. எங்களால ஏலாது. உங்களால ஏலும். எழும்புங்கோ! ஐயா, நீங்கள் கொழும்புதானே? போன கிழமை பக்கத்தில இருந்து கதைச்சனீங்கள். எழும்புங்கோ ஐயா."

அந்த ஐயா எழும்பினார். ஓய்வுபெற்ற தபாலதிபர். எழும்பும்போது அவருடைய மனைவி சேட்டைப் பிடித்து இழுத்தா. பிறகு அவவும் எழும்பினா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற இரண்டு பேர் வந்தார்கள். வங்கியில் வேலை செய்யும் பத்மாவதி மிஸ் வந்தா. கொன்ஸ்ரன்ரைன் வரிசை வரிசையாகப் போய் ஆட்களைக் கெஞ்சினான், சிலரை ஏசினான். "விசிலடிக்கேக்க மட்டும் கை வந்ததோ?" என்று ஒருவரைக் கேட்டான். அவர் ஏசிக்கொண்டே எழும்பி வந்தார். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தாவது ஆளாக மனேஜர் பேர்னாட் தன் இரத்த அழுத்தக் குளிசையை வாயில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னை ஏன் பாக்கிறாய்? நட" என்றார்.

பத்துப் பேரும் நிலையத்து வாங்கில் போய் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். கூட மூன்று கொன்ஸ்தாபிள்கள். ஒருவன் கையில் அந்தத் தகரப் பெட்டி. அவர்கள் வருவதற்கு முன்னர் கொன்ஸ்ரன்ரைன் மண்டபத்தில் சொல்லிவைத்திருந்தான்: "ஒருத்தரும் விசிலடிக்கக் கூடாது. கை தட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது." சொல்லிவிட்டுத் தான் கலரியின் கடைசி மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் நடுவரிசையில் இருந்தார். பக்கத்துக் கதிரையில் என்னை இருக்கச் சொன்னார். துவக்கோடு இரண்டு பேர் கதவருகில் நின்றார்கள். வேலுசாமி ரீலை மாட்டினார். தரையில் இழுபட்டதால் கோடு கோடாக விழுந்தது.

அந்தச் சண்டை அந்த மண்டபத்தில் எத்தனை தரம் ஓடியிருக்கும்! ஒரு தரமாவது அதன் சத்தம் முழுதாகக் கேட்டதில்லை, விசில் அதை மூடிவிடும். அன்றைக்குத்தான் கேட்டேன். அடி விழும் சத்தம் யாரோ மேசையில் தட்டுகிற சத்தம்போல இருந்தது. கதாநாயகன் காக்கிச் சட்டைக்காரர் முப்பது பேரை அடித்தான். ஜீப்பைத் தலைக்கு மேல் தூக்கினான். எல்லோரும் வழக்கமாக விசிலடிக்கும் இடம் வந்தது. மண்டபத்தில் ஒரு கதிரை கிரீச்சிட்டது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, வயிறு குலுங்க.

"ஒக்கொம பொரு!" என்றார். எல்லாமே பொய். "இந்த ஜீப்பைப் பாருங்கடா, மட்டை! கயிறு தெரிகிறது!" என்று கொன்ஸ்தாபிள்களுக்குக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். கதவருகில் நின்றவன் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தான். அத்தனை தமிழரும் அசையாமல் இருக்க, நாலு பொலிஸ்காரர் மட்டும் சிரித்துக்கொண்டு எங்களுடைய படத்தைப் பார்த்தார்கள். அவர் பொய் என்று சொல்லச் சொல்ல என் மனுஷன் வீட்டுக்கு வருகிற வழி திறந்துகொண்டிருந்தது. அதனால் நானும் சிரித்தேன்.

ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. அவர் எழும்பவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது.

"நோனா, கடைசியில் இவனுக்கு என்ன நடக்கும்? இவ்வளவு பொலிஸ்காரரை அடித்தவன். சும்மா போய்விடுவானா?"

கடைசியில் பொலிஸ் மாஅதிபரே அவனுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லுவார். அவன் கம்பளியை வீசிக்கொண்டு மலைமேல் ஏறிப் போவான். அங்கே இருந்த எல்லோருக்கும் அது மனப்பாடம்.

"பிடிபடுவான், சேர்" என்றேன். "விலங்கு போட்டுக் கொண்டுபோவார்கள். நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்பான்."

அவர் என்னை நம்பவில்லை. எழுந்து, திரும்பி, மண்டபத்தைப் பார்த்தார்.

"எத்தத?" என்று கேட்டார். உண்மையா?

அந்தக் கேள்வி எனக்கு இல்லை, அவர்களுக்கு. ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும். சின்னப் பிள்ளை ஒன்று "இல்லை" என்று கத்தினாலும் போதும். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

மூலையிலிருந்து கொன்ஸ்ரன்ரைனின் குரல்தான் முதலில் வந்தது. "ஒவ் சேர்!" ஆமாம், சேர்.

அதற்குப் பிறகு எல்லோரும். கலரி, செக்கண்ட் கிளாஸ், பல்கனி எல்லாம் ஒரே குரலாக, "ஒவ் சேர்." மாதா கோயிலில் பூசைக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. நாலைந்து தரம் காசு கொடுத்துக் கதாநாயகன் வெல்வதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு விலங்கு மாட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "ஹரி. அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார். வாசலில் ஜீப்பில் ஏறும்போது, "வந்து கூட்டிப்போ. இனிமேல் அவனைச் சாலையில் படம் காட்ட வேண்டாம் என்று சொல்" என்றார்.

ஆறு மணிக்கு முன்னரே நிக்கலஸும் பத்துப் பேரும் தியேட்டருக்கு வந்துவிட்டார்கள். நிக்கலஸுக்கு ஒரு காது கேட்கவில்லை. கீழ் உதடு வெடித்திருந்தது. வேலுசாமி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பேர்னாட் சேர் மூச்சு வாங்கியபடி, "சரி, போதும். காசைத் திருப்பிக் குடுத்து எல்லாரையும் அனுப்புவம். மிச்ச ரீல் கொட்டாஞ்சேனையில கிடக்கு" என்றார்.

நான் கூண்டைத் திறந்தேன். ஒருவரும் காசு வாங்க வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வாங்கில் இருந்து வந்த தபாலதிபரும் மனைவியும்கூடத் தங்கள் கதிரையில் போய் இருந்துவிட்டார்கள்.

"தம்பி, வீட்டை போங்கோ. இருட்டுது. பிறகு சாவடியில கரைச்சல்" என்று கொன்ஸ்ரன்ரைனிடம் சொன்னேன்.

"போகமாட்டம் அக்கா. கடைசி ரீலைக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

"எத்தினை தரம் பாத்திட்டீர். உமக்குத் தெரியாத முடிவோ?"

"தெரியும். ஆனா என்ர வாயால பிடிபட்டான் எண்டு சொல்லிப்போட்டன். அவன் போறதைப் பாத்திட்டுத்தான் நான் போவன்."

"பொய் எண்டு அந்த ஆள் சிரிச்சதைக் கேட்டனீர்தானே."

"பொய்தான் அக்கா. எங்களுக்குத் தெரியாதே? தெரிஞ்சுதான் காசு குடுத்து வாறம். அந்தாளுக்குக் கயிறு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது. நான் முதல் நாளே கண்டனான்." இப்போது அவன் சிரித்தான். "கயிறு தெரிஞ்சா என்ன? எங்கள மாதிரிக் கறுவல் ஒருத்தன் ஒருக்காவாவது தலைகுனியாமல் நடந்து போகட்டுமன்."

நிக்கலஸ் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஐஸ் துணியை என்னிடம் தந்துவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்தார். வீங்கிய காதின்மேல் அது இறங்கவில்லை. கழற்றிக் கையில் கொழுவிக்கொண்டார்.

"நீங்கள் எங்க போறீங்கள்?" என்றேன்.

"ரீல் எடுக்க."

"அதே சாவடியாலயோ?"

"வேற றோட்டு இருக்கே?"

நான் தடுக்கவில்லை. கூண்டைப் பூட்டிச் சாவியை பேர்னாட் சேரிடம் கொடுத்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். "பெட்டியை நான் மடியில வைச்சிருக்கிறன். திறக்கச் சொன்னா நான் திறக்கிறன். நீங்கள் வாய் திறக்கக்கூடாது" என்றேன். அவர் மிதித்து இயக்கினார்.

திரும்பி வரும்போது சாவடியில் நின்றவன், தியேட்டர்க் கதவில் துவக்கோடு நின்ற அதே கொன்ஸ்தாபிள். ரோர்ச் வெளிச்சத்தில் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தான். "இதுதான் அவன் பிடிபடுகிற இடமா?" என்று சிங்களத்தில் கேட்டான். ஓம், இதுதான் என்றேன். போகச் சொன்னான்.

கடைசி ரீல் மாட்டுவதற்கு முன்னர் பேர்னாட் சேர் எல்லா ஜன்னலையும் பக்கக் கதவுகளையும் தன் கையாலேயே சாத்தினார். உள்ளே அவியத் தொடங்கியது. "என்னவோ செய்யுங்கோ, வெளியில கேக்காமச் செய்யுங்கோ" என்றார். நானும் நிக்கலஸும் பின்சுவரோரமாக நின்று பார்த்தோம். மாஅதிபர் தொப்பியைக் கழற்றினார். அவன் கம்பளியை வீசிக்கொண்டு மலை ஏறினான். கூரை அதிர்ந்தது. பத்மாவதி மிஸ் கைக்குட்டையைச் சுழற்றினா. கிரேன்காரர் இருவரும் கதிரைமேல் ஏறி நின்றார்கள். நிக்கலஸ் இரண்டு விரலை வாய்க்குள் வைத்து ஊதப் பார்த்தார். உதடு விடவில்லை. இரத்தம்தான் வந்தது.

"நீ அடி" என்றார்.

எனக்கு விசிலடிக்கத் தெரியாது. கை நோகும்வரை தட்டினேன்.